லத்தீன் கிராமியில் ஆண் பாப் பாடகர்: கேளுங்கள், சொல்கிறேன்

பல பேர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்ததால் எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நான் பேசப்போவது ஸ்பானிய, போர்ச்சுகீசு மொழி இசைக்குத் தரப்படும் லத்தீன் கிராமியின் 'சிறந்த ஆண் பாப் குரல் ஆல்பம்' விருதைப் பற்றி மட்டும். எல்லோரும் 'கிராமி' என்று சொல்லும் அமெரிக்காவின் பெரிய கிராமி வேறு, பில்போர்ட் இசைப் பத்திரிகையின் லத்தீன் விருதுகள் வேறு, யுனிவிஷன் தொலைக்காட்சியின் 'பிரெமியோ லோ நுவெஸ்த்ரோ' வேறு. எந்த விருது என்று சொல்லிக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கிடார்க்காரன்: இந்த விருது எப்போது தொடங்கியது? முதலில் வாங்கியவர் யார்?

முதல் லத்தீன் கிராமி விழா 2000 செப்டம்பர் 13 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேப்பிள்ஸ் சென்டரில் நடந்தது. அந்த ஆண்டு ஆண்களுக்கு இருந்தது ஆல்பத்துக்கான விருது இல்லை, ஒரு பாட்டைப் பாடிய விதத்துக்கான விருது. மெக்சிகோவின் லூயிஸ் மிகேல் 'து மிராதா' பாட்டுக்காக வாங்கினார். பாப் ஆல்பத்துக்கு ஆண், பெண் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பரிசுதான். அதையும் அவரே கொண்டுபோனார்.

2001இல் இதை மாற்றினார்கள். பாட்டு போய் ஆல்பம் வந்தது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, குழுக்களுக்கு ஒன்று. ஒரு பாட்டு ஊரையே கலக்கினால் போதாது, ஆல்பம் முழுக்க நின்று பேச வேண்டும் என்றாகிவிட்டது. எனக்கு இந்த விருதின் மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

அந்தப் புது வடிவில் முதலில் ஜெயித்தவர் ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ சான்ஸ், ஆல்பம் 'எல் அல்மா அல் ஐரே'. ஆனால் அவர் மேடையேறவே இல்லை. விழாவை முதலில் மியாமியில் வைத்திருந்தார்கள். கியூபாவிலிருந்து வெளியேறியவர்களின் போராட்டம் வரும், பாதுகாப்பு சிக்கல் என்று லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றினார்கள். குறித்த நாள் 2001 செப்டம்பர் 11. காலையில் நியூயார்க்கில் நடந்தது உங்களுக்கே தெரியும், சாயங்கால விழா ரத்து. பிறகு அக்டோபர் 30 அன்று ஒரு செய்தியாளர் சந்திப்பில் பெயர்களை வாசித்து முடித்துவிட்டார்கள். ஆண்டின் ஆல்பம், ஆண்டின் பதிவு, ஆண்டின் பாடல், இந்த ஆண் பாப் விருது என நான்கையும் அள்ளிய மனிதருக்கு ஒரு கைதட்டல்கூட நேரில் கிடைக்கவில்லை!

மழைக்காதலி: நாங்கள் ஓட்டுப் போட முடியுமா? லிங்க் இருந்தால் கொடுங்கள்.

முடியாது. லத்தீன் ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினர்கள், அதாவது பாடகர்கள், வாத்தியக்காரர்கள், பாடலாசிரியர்கள், தயாரிப்பாளர்கள், ஒலிப்பதிவுக்காரர்கள் போடும் ஓட்டு இது. ரசிகர் ஓட்டு வேண்டுமென்றால் பிரெமியோ லோ நுவெஸ்த்ரோ பக்கம் போங்கள். விற்பனையும் வானொலிக் கணக்கும் வேண்டுமென்றால் பில்போர்ட்.

சும்மா கேட்கிறேன்: 'டெஸ்பாசிட்டோ'வுக்கு இந்த விருது எந்த வருஷம் கிடைத்தது?

கிடைக்கவில்லை. பாட்டு 2017இல் வந்தது, விருது 2011உடன் நின்றுபோனது. 2017 லத்தீன் கிராமியில் ஆண்டின் பதிவு, ஆண்டின் பாடல் எல்லாம் அதைப் பாடிய லூயிஸ் ஃபொன்சிக்குக் கிடைத்தன. வேறு பிரிவுகள் அவை.

பழைய கேசட்: ஐயா, ஜெயித்தவர்களைப் பார்த்தால் ஸ்பெயின்காரர்களாகவே இருக்கிறார்களே! லத்தீன் அமெரிக்காவை முந்நூறு வருஷம் ஆண்டவர்களுக்கே லத்தீன் விருதா?

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் சொல்வது கணக்குப்படி சரி, முதல் நான்கு ஆண்டுகள் வரைக்கும். 2001 சான்ஸ். 2002 மிகேல் போசே, 'செரெனோ'. 2003 என்ரிக்கே இக்லேசியாஸ், 'கிஸாஸ்'. 2004 மறுபடி சான்ஸ், 'நோ எஸ் லோ மிஸ்மோ'. நான்கும் ஸ்பெயின்.

அடுத்த நான்கைப் பாருங்கள். 2005 மார்க் ஆண்டனி, நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ பெற்றோருக்குப் பிறந்தவர். 2006 குவாத்தமாலாவின் ரிக்கார்டோ அர்ஹோனா. 2007 போர்ட்டோ ரிக்கோவின் ரிக்கி மார்ட்டின். 2008 கொலம்பியாவின் ஹுவானெஸ். ஸ்பெயின் ஒன்றுகூட இல்லை. அப்புறம் 2010இல் சான்ஸ் மூன்றாம் முறை வாங்கினார். கடைசி ஆண்டான 2011இல் வெனிசுவேலாவின் பிராங்கோ தே விட்டா.

விதி பார்ப்பது பாஸ்போர்ட்டை இல்லை, பாட்டின் மொழியை. ஓட்டுப் போடுபவர்களும் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இருக்கிறார்கள்.

பழைய கேசட்: விதி யார் எழுதியது? ஆட்சி போனாலும் விருது அவர்களுக்கே என்றுதானே ஆகிறது.

சரி, அப்படியானால் யார் ஸ்பெயின்காரர் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். போசே பிறந்தது பனாமா நகரத்தில். அப்பா ஸ்பெயினின் காளைச் சண்டை வீரர், அம்மா இத்தாலிய நடிகை. என்ரிக்கே மாட்ரிட்டில் பிறந்தார், வளர்ந்தது மியாமியில். தே விட்டாவின் பெற்றோர் இத்தாலியிலிருந்து கராகஸுக்கு வந்தவர்கள். லூயிஸ் மிகேலை மெக்சிகோ தன் பிள்ளை என்று கொண்டாடுகிறது, பிறந்ததோ போர்ட்டோ ரிக்கோவில். பிறப்புச் சான்றிதழை வைத்து இந்தக் கூட்டத்தைப் பிரிக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

தவில் ரசிகன்: பழைய கேசட் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாட்ரிட் இசைக் கம்பெனிகளின் கை பலமாக இருந்ததுதானே?

இருந்தது. சான்ஸின் ஆல்பங்கள் மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஒரே நேரத்தில் கடைக்கு வரும் அளவுக்கு விநியோகம் இருந்தது. குவாத்தமாலாவிலிருந்து கிளம்பும் ஒருவருக்கு அது லேசில் வாய்க்காது. அர்ஹோனா பேர் வாங்கியதே மெக்சிகோ வழியாகத்தான். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'எல் அல்மா அல் ஐரே'வைக் கேட்டுவிட்டு, இது கம்பெனி பலத்தால் ஜெயித்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'குவாந்தோ நாதியே மே வே' பாட்டில் அந்தக் கரகரத்த குரல் ஸ்பெயினின் மரபிசையான ஃபிளமெங்கோவிலிருந்து பாப்புக்கு இறங்கும் இடம் ஒன்று போதும்.

குறை சொல்லியே ஆக வேண்டுமானால் பிரேசிலைப் பற்றிச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். போர்ச்சுகீசு மொழி பாப் ஆல்பங்களுக்குத் தனிப் பிரிவு. அங்கே ஆண், பெண், குழு எல்லோரும் ஒரே போட்டியில். ஆண்களுக்கென்று தனி அலமாரி ஸ்பானிய மொழிக்கு மட்டுந்தான் இருந்தது. இருபது கோடிப் பேர் இருக்கும் நாட்டை ஓரமாக உட்காரவைத்ததைப் பற்றி இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் பெஞ்ச்: ரசிகர்கள் எப்படி ஓட்டுப் போடுவது?

மழைக்காதலிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நீலகிரி நிலா: ஏன் நிறுத்தினார்கள்? பெண்கள் எதிர்த்தார்களா?

காலத்தின் போக்கு. பெரிய கிராமி 2011இல் பிரிவுகளை 109இலிருந்து 78ஆகக் குறைப்பதாக அறிவித்தபோது, பாப்பில் ஆண் குரல், பெண் குரல் என்ற பிரிவினையும் போனது. லத்தீன் கிராமியும் 2012இல் ஆண், பெண், குழு மூன்றையும் கலைத்து, 'தற்காலப் பாப்', 'மரபுப் பாப்' என்று பாணியை வைத்துப் பிரித்தது. நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். சான்ஸுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. 2013லும் 2015லும் தற்காலப் பாப் விருதை வாங்கிவிட்டார்.

சென்னைப் பையன்: ஏ.ஆர். ரஹ்மான் இதை வாங்கியிருக்கிறாரா?

இல்லை. அவர் 2010இல் வாங்கிய இரண்டும் பெரிய கிராமி. முதல் பத்தியில் இதைத்தானே சொன்னேன்?

அம்மாபேட்டை: என்ரிக்கேயின் அப்பா ஹூலியோ இக்லேசியாஸும் வாங்கினாரா?

இதை இல்லை. பெரிய கிராமியின் லத்தீன் பாப் விருதை அப்பா 1988இலும் மகன் 1997இலும் வாங்கினார்கள். இரண்டு விருதுகளையும் சேர்த்துப் போட்ட பட்டியல்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. நம்பாதீர்கள், விருதின் முழுப் பெயரைப் பாருங்கள்.

நடுநிசி ரேடியோ: எங்கே ஓட்டு…

இல்லை. முடியாது. அடுத்தவர்.

கிடார்க்காரன்: ஸ்பானிய மொழி தெரியாது. எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?

கிடார் வாசிப்பவர் என்றால் ரிக்கி மார்ட்டினின் 'எம்டிவி அன்பிளக்டு'. இடுப்பாட்டம் எல்லாம் மறந்துவிடுங்கள். 2006இல் மியாமியில் பதிவானது. போர்ட்டோ ரிக்கோவின் குவாத்ரோ என்ற நரம்பு வாத்தியம் அதில் பேசுவதைக் கேளுங்கள். அதன் பிறகு மார்க் ஆண்டனியின் 'அமார் சின் மென்டிராஸ்'. அவர் செய்த வேலை சுவாரஸ்யமானது: அதே 2004இல் அந்தப் பாடல்களையே சால்சா என்ற கரீபிய நடன இசையாக்கி 'வாலியோ லா பேனா' என்று தனி ஆல்பமாகவும் விட்டார். விருது வாங்கியது பாப் வடிவம். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ஒரே மெட்டு தாளம் மாறும்போது குரல் எங்கே இழுக்கிறது, எங்கே வெட்டுகிறது என்று பிடிபடும்.

எனக்குச் சால்சாதான் பிடிக்கும். பழைய கேசட் இதற்கும் சண்டைக்கு வருவார் என்று தெரியும், வரட்டும்.