பழைய பாய்மரப் போர்க்கப்பலை 3டியில் துல்லியமாகக் கட்டுவது எப்படி?

கேள்வி: பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் ஓரளவு தெரியும். பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல் ஒன்றை உண்மையான அளவில், கயிறு கப்பி வரை சரியாக மாடல் செய்ய ஆசை. இரண்டு முறை தொடங்கியும் கப்பலின் உடலே கோணலாகிவிடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

உடல் கோணலானால் பழியை மென்பொருள் மேல் போடாதீர்கள். பத்துக்கு எட்டுத் தடவை வரைபடத்தைத் தப்பாக வாசித்ததுதான் காரணம். அதனால் இந்தப் பதிலில் பாதி வரைபடத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கப்பலை முடிவு செய்யுங்கள், கூடவே ஓர் ஆண்டையும். ஆண்டு இல்லாமல் கப்பல் மட்டும் இருந்தால் வேலை கெடும். எடுத்துக்காட்டுக்குப் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலான எச்.எம்.எஸ். திரிங்கோமலியை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைத் துறைமுகத்தின் பெயர் தாங்கிய இந்தக் கப்பலைப் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டினார்கள். 1817 அக்டோபர் 12 அன்று நீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கப்பல் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று புகைப்படங்களை மட்டும் நம்பிவிடக் கூடாது. 1845இல் பீரங்கிகளை மாற்றியபோது பின்புறத்தையும் மாற்றி அமைத்தார்கள். 1817ஆம் ஆண்டு வரைபடத்தின் உடலில் இன்றைய புகைப்படத்தின் பின்புறத்தை ஒட்டினால், என்றுமே இல்லாத ஒரு கப்பல்தான் கிடைக்கும்.

வரைபடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தக் கப்பலே சாட்சி. பம்பாய்க்கு முதலில் அனுப்பிய வரைபடங்கள் ஜாவா என்ற கப்பலில் இருந்தன. 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிடியூஷனிடம் ஜாவா தோற்றது. வரைபடங்களும் போயின, கட்டுமானமும் தள்ளிப்போனது.

பிரிட்டிஷ் கடற்படை வரைபடங்கள் பெரும்பாலும் 1:48 அளவில், அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலமாக, வரையப்பட்டவை. கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில் பெரிய தொகுப்பு இருக்கிறது. பக்கத் தோற்றம், மேலிருந்து பார்க்கும் பாதி அகலத் தோற்றம், குறுக்குவெட்டுத் தோற்றம் என மூன்றும் ஒரே தாளில் வரும். குறுக்குவெட்டில் வலப்பாதி அணியத்தின் (முன்முனையின்) பக்கம், இடப்பாதி பின்பக்கம். நடுவெட்டிலிருந்து முன்னே போகும் வெட்டுகளுக்கு எழுத்து, பின்னே போகும் வெட்டுகளுக்கு எண். இருநூறு வருடத் தாள் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே மாதிரி சுருங்கியிருக்காது. ஸ்கேனை இரு திசையிலும் தனித்தனியே அளந்து நேராக்கிய பிறகே பின்னணியில் வையுங்கள்.

இப்போது பெரும்பாலானவர்கள் விழும் குழி. இந்த ரகக் கப்பலின் அளவுகளைத் தேடினால் பீரங்கித் தள நீளம் சுமார் 150 அடி, ஏரா (கப்பலின் அடிமரம்) நீளம் சுமார் 125 அடி 7 அங்குலம், அகலம் சுமார் 39 அடி 11 அங்குலம் என்று கிடைக்கும். மூன்றையும் அப்படியே வரைபடத்தில் பொருத்தக் கூடாது.

அந்த ஏரா நீளம் டன் கணக்குக்காக, அதாவது கப்பலின் கொள்ளளவைக் கணிக்க, சூத்திரத்தில் வந்த எண். அதை அகலத்தாலும் பாதி அகலத்தாலும் பெருக்கி 94ஆல் வகுத்தால் 1,064 டன் வரும். ஏடுகளில் பார்க்கும் டன் எண் இப்படித்தான் பிறக்கிறது. வரைபடத்தில் ஏராவின் மேல் அளவுகோல் வைத்தால் அந்த நீளம் அங்கே இருக்காது. 150 அடி என்பதும் மூக்கு முதல் வால் வரை உள்ள நீளம் இல்லை. அணியக் கட்டையில் பலகை பதியும் பள்ளத்திலிருந்து பின்கட்டையின் பள்ளம் வரை, அந்தத் தளத்தின் மட்டத்தில் எடுத்தது. அகலம் இன்னும் மோசம். ஏட்டில் உள்ள அகலம் வெளிப்பலகையையும் சேர்த்தது. வரைபடக் கோடுகளோ பலகை ஏறாத வங்குகளின் (விலா எலும்பு போன்ற சட்டங்களின்) வெளிமுகத்தைக் காட்டுபவை. பலகை 3 அங்குலம் என்றால் இரு பக்கமும் சேர்த்து 6 அங்குலம். வங்கின் அகலத்தை 39 அடி 11க்கு இழுத்துவிட்டால் நீளமும் கூடவே இழுபட்டுக் கிட்டத்தட்ட 2 அடி கூடிவிடும். பிறகு எந்தப் பீரங்கி வாசலும் வங்கு இடைவெளியில் உட்காராது. வரைபடத்தில் இருக்கும் அளவுகோலையே நம்புங்கள். ஏட்டு எண்களைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளில் அலகை அடி-அங்குலமாக முதலிலேயே வைத்துவிடுங்கள், நடுவில் மாற்ற வேண்டாம். வெட்டு ஒவ்வொன்றையும் வளைகோடாக வரைந்து அதனதன் இடத்தில் நிறுத்துங்கள். அதன்பின் நீர்மட்டக் கோடுகள். அவை ஏராவுக்கு இணையாகப் போகின்றனவா, பின்பக்கம் ஆழமாக மிதக்கும் கப்பலின் நீர்மட்டத்துக்கு இணையாகவா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். இதைக் கவனிக்காமல் இணைத்த உடல் முறுக்கிய துணி மாதிரி வரும். உங்கள் கோணலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இன்னொன்று, உடலின் மேற்பரப்பு நடுக்கோட்டில் போய் முடியக் கூடாது. ஏராவின் பாதித் தடிமன் தள்ளி, பள்ளத்தில் முடிய வேண்டும். ஒரு பாதியை மறுபக்கம் நகலெடுக்கும் மிரர் மாடிஃபயர் போட்டவுடன், புள்ளிகளை நடுக்கோட்டில் ஒட்டவைக்கும் கிளிப்பிங்கையும் இயக்கி அடிப்பகுதியைக் கத்திமுனை போலக் கூராக்கிவிடுகிறார்கள்.

வளைபரப்புகளைக் கணிதத் துல்லியத்தோடு வரையும் ரைனோ போன்ற நர்ப்ஸ் மென்பொருள் கிடைத்தால் உடலை மட்டும் அதில் செய்வது நல்லது. பிளெண்டர்தான் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பரப்பை மென்மையாக்கும் சப்டிவிஷன் போட்டால் மேற்பரப்பு, நீங்கள் வைத்த புள்ளிகளின் கூண்டுக்கு உள்ளே சுருங்கும். வெட்டுக்கோட்டின் மேலேயே புள்ளிகளை வைத்தால் கப்பல் மெலியும். வளைவு அதிகமுள்ள வயிற்றுப் பகுதியில் புள்ளிகளைக் கொஞ்சம் வெளியே தள்ளி, மென்மையான பரப்பு கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். புள்ளிகள் குறைவாக இருப்பதே நல்லது. கூடக் கூட மேடு பள்ளம் கூடும். கோடு கோடாகப் பிரதிபலிக்கும் மேட்கேப் என்ற பார்வைப் பூச்சைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே உடல் நெளிகிறது.

தளத்தின் குறுக்கு வளைவில் ஒரு நுட்பம். ஒரு தளத்து உத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சுப்பலகையை வைத்து வெட்டியவை. நடுக்கப்பலில் வளைவு முழுதாக இருக்கும். அணியத்தில் அகலம் குறைவதால் அதே வில்லின் நடுத்துண்டு மட்டும் வரும். முழு வளைவையும் ஒடுக்கி அங்கே வைத்தால் அணியம் கூனல் போட்டது போலத் தெரியும்.

பீரங்கி வாசல்கள்தான் மாடலின் தரத்தைக் காட்டிக்கொடுப்பவை. வாசலின் அடியும் மேலும் தளத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும், பக்கங்கள் மட்டும் செங்குத்து. வெட்டுவது உடல்பரப்புக்குச் செங்குத்தாக அல்ல, கப்பலின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக. நடுவில் வித்தியாசம் தெரியாது. அணியத்து முதல் வாசலில் அது கண்ணில் குத்தும். ஒரு வடிவத்தால் இன்னொன்றைக் குடையும் பூலியனில் வெட்டினால் ஓரத்தில் நிழல் அழுக்காகும். வெட்டாத உடலின் நகலை வைத்துக்கொண்டு டேட்டா டிரான்ஸ்ஃபர் மூலம் அதன் நார்மல்களை (பரப்பு எந்தத் திசை பார்க்கிறது என்ற தகவலை) கொண்டுவந்தால் சரியாகும்.

இந்தக் கப்பலின் பிரதான தளத்தில் 18 பவுண்டு பீரங்கிகள் 28. ஒன்றைச் செய்து மற்றவற்றுக்கு இன்ஸ்டன்ஸ் (மூலத்தோடு இணைந்த நகல்) போடுங்கள். அந்த ஒன்றை மட்டும் பொறுமையாகச் செய்யுங்கள். குழாயின் இருபக்கமும் துருத்தி அதைத் தாங்கும் முளைகள் குழாயின் நடு அச்சில் இல்லை, சற்றுக் கீழே இருக்கும். வண்டியின் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடப் பெரியது, ஏனென்றால் தளம் ஓரத்தை நோக்கிச் சரிகிறது. நான்கையும் ஒரே அளவில் வைத்தால் குழாய் தலை கவிழ்ந்து நிற்கும்.

நீருக்கடியில் செப்புத் தகடுகள்: 4 அடிக்கு 14 அங்குலம், ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன். முன்தகடு பின்தகட்டின் மேல் ஏற வேண்டும். நிறைய பேர் ஆணித்தலைகளைக் கொப்புளம் போலத் துருத்தவிடுகிறார்கள். பத்தடித் தூரத்தில் நின்றால் அவை தெரியவே கூடாது. மேடு பள்ளம் இருப்பது போலக் காட்டும் மெல்லிய நார்மல் மேப் போதும்.

பாய்மரத்துக்குக் காலத்து விதி எளிது: ஒரு கெஜ நீளத்துக்கு ஓர் அங்குல விட்டம். 90 அடி மரம் என்றால் 30 அங்குலம். பாய் தொங்கும் குறுக்குமரங்களான பருமல்களில், கீழ்ப் பருமல்களுக்குக் கெஜத்துக்கு 0.7 அங்குலம். தடிமன் நடுவில்தான், முனைக்குப் போகும்போது பாதிக்கும் கீழே இறங்கும். நேர் உருளையாக விட்டுவிடாதீர்கள்.

கயிற்றில் ஒரு தவறு எல்லா இடத்திலும் பார்க்கலாம். அந்தக் காலத்து அட்டவணையில் கயிற்றின் அளவு சுற்றளவு. 8 அங்குலக் கயிறு என்றால் விட்டம் இரண்டரை அங்குலம்தான். விட்டமாக எடுத்துக்கொண்டவர்களின் மாடலில் கயிறெல்லாம் மலைப்பாம்பு போலத் தொங்கும். முறுக்கும் முக்கியம். சாதாரணக் கயிறு வலமுறுக்கு. மூன்று கயிறுகளைச் சேர்த்து மறுபடி முறுக்கிய தடித்த வடம் இடமுறுக்கு. நங்கூர வடம் இந்த வகை. ஒரே டெக்ஸ்சரை எல்லாவற்றுக்கும் போடாமல் இரண்டு வையுங்கள்.

ஷ்ரவுட் என்னும் பக்கக் கயிறுகள் கப்பலின் பக்கத்துக்கு வந்து, மூன்று கண்ணுள்ள மரவட்டில் கட்டப்பட்டு, கப்பலின் பக்கத்திலிருந்து வெளியே நீளும் சானல் பலகைக்குக் கீழே சங்கிலியாகத் தொடரும். பக்கவாட்டில் பார்க்கும்போது கயிறும் சங்கிலியும் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். அதனால் சங்கிலியை முதலில் செய்யாதீர்கள். பாய்மர உச்சியிலிருந்து கோட்டை இழுத்து, அது போகும் சரிவில் சங்கிலியை வையுங்கள். அந்தக் கோடு பீரங்கி வாசலுக்குக் குறுக்கே வந்தால் மரவட்டின் இடத்தை நகர்த்த வேண்டும், வாசலை அல்ல. ஏறும் படிக்கயிறுகள் ஷ்ரவுட்டுக்குச் செங்குத்தாக அல்ல, நீர்மட்டத்துக்கு இணையாகப் போகும். ஒன்றுக்கொன்று இடைவெளி 13 முதல் 15 அங்குலம், ஒரு மாலுமியின் கால் எட்டும் தூரம். பாய்களைச் சுருட்டிய நிலையில் காட்டுவதானால் டாப்செயில் (கீழ்ப் பாய்க்கு மேலுள்ள பாய்) பருமல்களைக் கீழே இறக்கி வையுங்கள். சுருட்டிய பாயோடு அவை உச்சியில் நிற்காது.