சீஐடி கூப்பிட்டால்: காசு கொடுக்காதீர்கள், கடிதம் கேளுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. சிநேகிதன் ஒருவன் வெளிநாட்டுக் காசு வருகிறது என்று சொல்லி, இவனுடைய வங்கிக் கணக்கையும் ஏரிஎம் அட்டையையும் சில மாதம் வாங்கிப் பாவித்தான். போன கிழமை ஒருவர் போனில் கூப்பிட்டு, கொழும்பு சீஐடியில் இருந்து கதைக்கிறேன், திங்கட்கிழமை வாக்குமூலம் கொடுக்க வாருங்கள் என்றார். ஊரில் ஒருவர், நாலாம் மாடியில் (கொழும்புச் சீஐடி அலுவலகத்தில்) தனக்கு ஆள் இருக்கிறது, ஒன்றரை இலட்சம் தந்தால் பெயரை எடுத்துவிடலாம் என்கிறார். மகனை அனுப்புவதா, காசைக் கொடுப்பதா? (ஒரு தாய், புதுக்குடியிருப்பு)

பதில்: காசைக் கொடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நாலாம் மாடி என்றதும் எங்கள் சனத்துக்கு ஏன் அடிவயிறு கலங்குகிறது என்று எனக்குத் தெரியும். போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்ற கதை இல்லாத வீடு வன்னியில் குறைவு. அந்தப் பயத்தை வைத்துத்தான் உங்கள் ஊர்க்காரர் வியாபாரம் செய்கிறார். ஆகவே சீஐடி என்றால் என்ன என்பதை முதலில் கொஞ்சம் சொல்கிறேன்.

சீஐடி, அதாவது குற்றப் புலனாய்வுத் திணைக்களம், வெள்ளைக்காரன் காலத்தில், 1870இல் தொடங்கியது. அது இலங்கைப் பொலிஸின் ஒரு பகுதி. இந்தியப் படங்களில் வரும் சிபிஐ மாதிரி வெளியிலிருந்து வந்து பொலிஸையே ஓரங்கட்டும் தனி அமைப்பு என்று நினைக்காதீர்கள். பொலிஸ் மாஅதிபருக்குக் கீழேதான் வேலை செய்கிறது. ஊர்ப் பொலிஸ் நிலையத்தால் முடியாத வழக்குகளும் பல மாவட்டங்களுக்குப் பரந்த வழக்குகளும் அங்கே போகும். பெரிய கொலை, பெரிய மோசடி, கள்ள ஆவணம், ஆட்கடத்தல், இணையக் குற்றம் எல்லாம் அதில் அடங்கும். 2015இல் புங்குடுதீவு மாணவி கொலை வழக்கு அவர்களிடம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். 2025இல் செம்மணிப் புதைகுழி விசாரணையும் அவர்களிடமே. கெட்ட பெயரும் உண்டு, நல்ல வேலையும் உண்டு. அதற்குமேல் நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

இங்கே சிவில் உடுப்பில் மோட்டார் சைக்கிளில் வந்து யார் விசாரித்தாலும் சீஐடி வந்தது என்பார்கள். வந்தவர் இராணுவப் புலனாய்வாக இருக்கலாம், பயங்கரவாதத் தடுப்புப் பிரிவாக இருக்கலாம், பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக் கான்ஸ்டபிளாகவும் இருக்கலாம். அதனால் பெயர், பதவி, எந்தப் பிரிவு என்ற மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். போனில் கூப்பிட்டவரிடமும் அதையே கேளுங்கள். உண்மையான அதிகாரி சொல்வார். சொல்லாமல் வெருட்டினால், அல்லது ஈசிகாஷ், வங்கிக் கணக்கு என்று ஏதாவது இலக்கம் தந்தால், அவர் கள்ளன்.

அடுத்து, அழைப்பாணையைக் கடிதமாகத் தரச் சொல்லுங்கள், அதையும் தமிழில் தரச் சொல்லுங்கள். முல்லைத்தீவில் இருக்கும் ஒரு பிள்ளையை ஒரு போன் அழைப்பில் கொழும்புக்கு வரச் சொல்வதும், கடிதம் அனுப்பினால் சிங்களத்தில் அனுப்புவதும் இத்தனை வருடத்துக்குப் பிறகும் மாறவில்லை. தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடிதம் எழுதுகிறவருக்குத்தான் அது இன்னும் போய்ச் சேரவில்லை. கடிதம் வந்ததும், அது உண்மையா என்று உங்கள் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். வாக்குமூலத்தை முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ எடுக்க முடியுமா என்று சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேட்கலாம். சிலவேளை சம்மதிப்பார்கள்.

அழைப்பு உண்மை என்றால் போகத்தான் வேண்டும். ஒளித்துத் திரிந்தால் நீதிமன்றம் பிடியாணை பிறப்பிக்கலாம், அது பெரிய வில்லங்கம். மகன் தனியாகப் போகக்கூடாது, ஒரு சட்டத்தரணியோடு போகட்டும். பொலிஸ் நிலையத்தில் ஒருவருக்காகச் சட்டத்தரணி தோன்றலாம் என்று 2012இல் வர்த்தமானியிலேயே விதி வந்துவிட்டது. வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்களுக்கு நிலையங்கள் உண்டு.

வாக்குமூலத்தை அவனுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம், விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லலாம். விளங்காத சிங்களத் தாளில் கையெழுத்து வைக்கவே கூடாது. “ஒன்றுமில்லைத் தம்பி, சும்மா சைன் பண்ணு” என்று சொல்லும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

பிடித்து வைப்பார்களா என்று கேட்க நினைத்திருப்பீர்கள். வாக்குமூலத்துக்குக் கூப்பிடுவது கைது ஆகாது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், 24 மணித்தியாலத்துக்குள் நீதிவான் முன் நிறுத்த வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் எங்கள் சனம் எல்லா வழக்குக்கும் போட்டுக் குழப்புகிறது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடித்தால் 24 மணித்தியாலம் 72 ஆகிவிடும். தடுப்புக்காவல் உத்தரவு எழுதினால் ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை வைக்கலாம், திரும்பத் திரும்ப நீடிக்கலாம். முன்பு மொத்தம் 18 மாதம் வரை போனது. 2022இல் திருத்தி 12 மாதமாக்கி, பெரிய சீர்திருத்தம் என்று சொன்னார்கள். இன்னொன்று, சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. இந்தச் சட்டத்திலோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சருக்குக் குறையாத அதிகாரி முன் சொன்னது உங்களுக்கு எதிரான சாட்சியாகும். அந்த ஒரு பிரிவால் எத்தனை பிள்ளைகளின் இளமை சிறையில் போனது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அம்மா, நீங்கள் எழுதியபடி பார்த்தால் மகனுடைய விடயம் காசு மோசடி. அதற்கு இந்தச் சட்டம் வராது. எந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று பதில் வந்தால் உடனே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம்.

காசு மோசடி என்பதால் சின்ன விடயம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்தவனுடைய கள்ளக்காசு உங்கள் கணக்கால் போயிருந்தால், பணம் தூயதாக்கல் (கள்ளக்காசை நல்ல காசாகக் காட்டுவது) தடைச் சட்டம் வரைக்கும் இழுபடலாம். சிநேகிதனோடு கதைத்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். அட்டையை வங்கியில் சொல்லி உடனே நிறுத்துங்கள். கணக்குக் கூற்றை எடுத்து வையுங்கள். தான் ஏமாந்தேன் என்று காட்ட மகனுக்கு இருப்பது அவைதான்.

கடைசியாக அந்த ஒன்றரை இலட்சக்காரர். விசாரணைக் கோவையில் இருக்கும் பெயரை அவரால் எடுக்க முடியாது. மகன் சாட்சி மட்டும் என்றால் எப்படியும் வீட்டுக்கு வருவான், அதைத் தானே செய்ததாக அவர் சொல்லிக்கொள்வார். சந்தேகநபர் என்றால், மேலிடம் இன்னும் கேட்கிறது என்று திரும்பவும் வருவார். இலஞ்சம் வாங்குவதைப் போலக் கொடுப்பதும் குற்றம் என்பதால், இல்லாத வழக்கொன்றை நீங்களே காசு கொடுத்து வாங்குவதாக முடியும். திரும்ப வந்தால் அவர் கேட்ட தொகையையும் திகதியையும் குறித்து வைத்து, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.