ரஷ்ய மாஃபியா பற்றிய படங்களில் உங்களை அதிகம் பாதித்தது எது, ஏன்?

ஈஸ்டர்ன் ப்ராமிசஸ். டேவிட் க்ரோனென்பெர்க் இயக்கி 2007-இல் வந்த படம். கதை நடப்பது லண்டனில், கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில்.

பதினான்கு வயது ரஷ்யப் பெண் ஒருத்தி பிரசவத்தில் இறந்துபோகிறாள், குழந்தை பிழைத்துவிடுகிறது. அவளுடைய டைரியில் ஒரு ரெஸ்டாரண்ட் கார்டு இருக்கிறது. குழந்தையின் சொந்தக்காரர்களைக் கண்டுபிடிக்க, அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் அன்னா (நவோமி வாட்ஸ்) அங்கே போகிறார். முதலாளி செம்யோன் வாஞ்சையான பெரியவர். சமையலறைக்குக் கூட்டிப்போய் போர்ஷ் சூப் ருசி பார்க்கச் சொல்கிறார். அப்புறம், டைரியைக் கொண்டு வா, நானே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்கிறார். படத்தில் எனக்கு அதிகம் பயம் தந்தது அந்த வாஞ்சைதான். அவர்தான் மாஃபியா தலைவர் என்று தெரிந்த பிறகு, அவர் சிரிக்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கியது.

துப்பாக்கியே இல்லாத மாஃபியா படம் இது. எல்லாம் கத்திதான். கொல்பவன் பக்கத்தில் வந்து, கைபட்டுத்தான் கொல்ல வேண்டும். பொதுக் குளியலறைச் சண்டையில், செம்யோன் குடும்பத்தின் டிரைவர் நிக்கோலாயாக வரும் விகோ மார்டென்சென் உடம்பில் துணிகூட இல்லாமல் கத்தியோடு வரும் இருவரைச் சமாளிப்பார். அதில் வீரம் தெரியாது. வலியும் வழுக்கும் தரையும்தான் தெரியும்.

சோவியத் சிறைகளில் வளர்ந்த திருடர் கூட்டத்தில், உடம்பில் குத்திய பச்சைதான் ஒருவனுடைய வரலாறு. முழங்காலில் நட்சத்திரம் இருந்தால் யார் முன்னும் மண்டியிடாதவன் என்று பொருள். பெரியவர்கள் முன்னால் நிக்கோலாய் உள்ளாடையோடு நின்று, பெற்றவர்களையே மறுத்துப் பேசி அந்த நட்சத்திரங்களை வாங்கும் காட்சி என் மனதை விட்டுப் போகவே இல்லை. இந்த வேடத்துக்காக மார்டென்சென் தனியாக ரஷ்யா போய்ச் சுற்றிவிட்டு வந்தார். ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது.

ஆனால் படத்தை நான் நேசிப்பதற்குக் காரணம் அந்தப் பெண்தான். வேலை, நல்ல வாழ்க்கை என்று நம்பி வந்தவளின் குரல், டைரி வழியாகப் படம் நெடுக வருகிறது. வில்லன்களின் கம்பீரத்தில் நாம் மயங்கப் பார்க்கும்போது, அந்தப் பணம் யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்று அது காட்டிவிடுகிறது. பல மாஃபியா படங்கள் அதைச் சொல்வதே இல்லை.

குறை என்றால், முடிவில் அவசரம் தெரிகிறது. நிக்கோலாயின் கதையை இன்னும் அரைமணி நேரம் சொல்லியிருக்கலாம்.