வீட்டுக்கு எந்த சைக்கிள் ரிப்பேர் ஸ்டாண்டு வாங்கலாம்?

கேள்வி: வீட்டில் மூன்று சைக்கிள் இருக்கின்றன. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வைத்த கியர் வண்டி ஒன்று, மகளின் 20 இன்ச் சைக்கிள், அப்பா ஓட்டும் பழைய 22 இன்ச் பார் வண்டி. செயின் கழுவுவது, கியர் சரிசெய்வது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் நானே செய்கிறேன், வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து. இப்போது ஸ்டாண்டு வாங்க நினைக்கிறேன். இடம் பால்கனிதான். எதை வாங்குவது?

பதில்: முதலில் கியர் வண்டியைக் கவிழ்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஹைட்ராலிக் பிரேக்கின் லீவரில் எண்ணெய் நிற்கும் சிறு தொட்டி உண்டு. அதன் மேற்பகுதியில் கொஞ்சம் காற்று தங்கியிருந்தால், வண்டி கவிழ்ந்ததும் அது பிரேக் குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்திய பிறகு லீவர் பஞ்சு போல அமுங்கும். அப்படி ஆனால் வண்டியை நிமிர்த்தி சிறிது நேரம் விட்டு, லீவரைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டியதுதான்.

அப்பாவின் வண்டியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் ஸ்டாண்டைப் போட்டாலே பின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும், செயின் வேலைக்கு அது போதும். கேரியரோடு 20 கிலோவைத் தாண்டும் வண்டி அது. அதையும் தூக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் பலர் தேவைக்கு மேல் கனமான ஸ்டாண்டை வாங்குகிறார்கள்.

மற்ற இரண்டுக்கும் என்ன தேவை? செயின் கழுவுவதும் கியர் சரிசெய்வதும் மட்டும் என்றால், பின் அச்சுக்குப் பக்கத்தில் ஃப்ரேமைத் தாங்கும் சிறிய கொக்கி ஸ்டாண்டே போதும். விலை குறைவு, மூலையில் சாத்தி வைக்கலாம். அதில் பின் சக்கரம் சுற்றும், பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே கியர் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் பின் வீலைக் கழற்ற முடியாது, முன் பிரேக்கையும் குனிந்தபடிதான் பார்க்க வேண்டும். பிரேக் கட்டையும் மாற்றுகிறீர்கள் என்பதால் உங்களுக்குக் கிளாம்ப், அதாவது வண்டியைக் கவ்விப் பிடிக்கும் தாடை, வைத்த மடக்கு ஸ்டாண்டுதான் சரி.

வாங்கும்போது பெரும்பாலானோர் பார்ப்பது எவ்வளவு எடை தாங்கும் என்று பெட்டியில் போட்ட அளவை. அதைவிட முக்கியம் கிளாம்ப் தலை. மலிவு ஸ்டாண்டுகளில் முதலில் போவது, தலை கம்பத்தோடு சேரும் பிளாஸ்டிக் வளையம்தான். சீட் போஸ்ட்டில், அதாவது சீட்டைத் தாங்கும் குழாயில், பிடித்தால் வண்டியின் எடையில் பெரும்பங்கு முன்பக்கம் இருக்கும். அது தலையை எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும். பின் வீலைக் கழற்றியதும் முறுக்கு இன்னும் கூடும். பிளாஸ்டிக் வளையம் மெல்ல விரிசல் விட்டு, ஒருநாள் முன் சக்கரம் தரையை நோக்கிச் சரியும். தலையும் இணைப்பும் உலோகமாக இருக்கட்டும். கிளாம்பின் வாய் எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை கவ்வும் என்பதையும் பாருங்கள். கியர் வண்டிகளின் போஸ்ட் பெரும்பாலும் 27.2, 30.9 அல்லது 31.6 மி.மீ. விட்டம் இருக்கும். குழந்தைகள் சைக்கிளில் அதைவிட மெலிது, வழுக்கினால் பழைய டியூபை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடியுங்கள்.

பிடிக்க வேண்டிய இடம் சீட் போஸ்ட் மட்டுமே. அலுமினியம், கார்பன் ஃப்ரேம்களின் குழாய்ச் சுவர் மெலிது. மேல் குழாயில் கிளாம்பை இறுக்கினால் நசுங்கும், கார்பனில் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் விரிசல் விழும். சீட்டுக்குக் கீழே கவ்வ இடமில்லை என்றால் போஸ்ட்டை உயர்த்துங்கள். அதற்கு முன் பழைய உயரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். போஸ்ட் குறைந்தது எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று காட்ட அதில் பொறித்திருக்கும் கோடு வெளியே தெரியக் கூடாது. தாடைக்கும் போஸ்ட்டுக்கும் நடுவே மணல் இருந்தால் கீறல் விழும், ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

அடுத்தது கால்கள். வண்டி கம்பத்துக்கு நேர் மேலே இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளித் தொங்கும். அந்தப் பக்கத்தில்தான் கால்கள் விரிந்திருக்க வேண்டும். மூன்று கால் ஸ்டாண்டு என்றால் ஒரு கால் வண்டிக்கு நேர் கீழே வரும்படி திருப்பி வையுங்கள். பால்கனி டைல்ஸ் தண்ணீர் போகச் சரிவாக இருக்கும். ரப்பர் பாதம் இல்லாத ஸ்டாண்டு அங்கே நகரும். ஹேண்டில்பாரைக் கீழ்க் குழாயோடு ஒரு பட்டையால் கட்டிவிட்டால் முன் சக்கரம் திரும்பித் தொந்தரவு செய்யாது.

ஒரு வேலையை மட்டும் ஸ்டாண்டில் செய்யவே வேண்டாம்: பெடல் கழற்றுவது. அது மிகவும் பலமாக இறுகியிருக்கும், ஸ்பானரை மிதித்தால் ஸ்டாண்டோடு வண்டியும் கவிழும். தரையில் நிறுத்தி, ஸ்பானர் மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, வண்டியின் பின்பக்கமாகத் தள்ளுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதால் இரண்டு பக்கமும் இதே தள்ளலில் கழலும்.

ஸ்டாண்டு வந்ததும் கியர் வண்டியை மாட்டி, பின் வீலைக் கழற்றிவிட்டு, ஹேண்டில்பாரைக் கையால் லேசாகக் கீழே அழுத்திப் பாருங்கள். தலை சுழன்றாலோ கம்பம் வழுக்கி இறங்கினாலோ, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் அனுப்பிவிடுங்கள்.