எலி மேல் போட்ட பழி

கேள்வி: ஏமன் நாட்டுப் பாலைவனத்தில் இருந்த பழைய மாரிப் அணையை ஓர் எலி உடைத்துவிட்டது என்கிறார்களே, நிஜமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: எலி என்று கேட்டீர்களே, அதுவரை சந்தோஷம். வெறும் அணை என்று கேட்டிருந்தால் இந்தப் பக்கத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

அரபுக் கதையில் வருவது லேசுப்பட்ட எலி இல்லை. 50 பேர் சேர்ந்தாலும் அசையாத பாறையைக் காலால் உருட்டிவிட்ட எலி. அதைப் பார்த்து, அணை உடையப்போகிறது என்று புரிந்துகொண்ட அரசர் அம்ர் மதகைச் செப்பனிடச் சொன்னாரா? ஊருக்குத் தண்டோரா போட்டாரா? மகனிடம் ரகசியமாகப் பேசிவைத்து, பலர் முன்னால் தன் கன்னத்தில் அறையச் செய்தார். "இவ்வளவு அவமானப்பட்ட பிறகு இந்த ஊரில் இருப்பேனா?" என்று நிலபுலனையெல்லாம் விற்றுக் காசாக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்று கதை சொல்லவில்லை. ரியல் எஸ்டேட்காரர்களை நான் சும்மா வம்புக்கு இழுப்பதாகக் கடிதம் போடும் அன்பர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தடவை படிக்கவும்.

எலி நிரபராதி என்று சொல்லவில்லை. மண்கரைக்கு எலிவளை ஆபத்துதான். வளை வழியாகக் கசியும் தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே பொந்து பெருத்து, ஒருநாள் கரை உட்கார்ந்துவிடும். கசிவு தெளிவாக வந்தால் கண்காணிக்கலாம். கலங்கி வந்தால் உடனே ஆள் சேர்க்க வேண்டும்.

ஆனால் மாரிப்பின் நோய் வண்டல். அதனா காட்டாற்றில் மழைக்காலத்தில்தான் வெள்ளம் வரும். ஏறக்குறைய 600 மீட்டர் நீளக் கரை, தண்ணீரை வருஷம் முழுக்கத் தேக்குவதற்கு அல்ல. வெள்ள மட்டத்தை உயர்த்தி, இரு முனை மதகுகள் வழியே வாய்க்காலுக்குத் தள்ளிவிடத்தான். மதகுக் கற்களை ஈயம் உருக்கி ஊற்றிப் பிணைத்திருந்தார்கள். பாய்ந்த நிலம் சுமார் 9,600 ஹெக்டேர். அதில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிந்தது. என்ன பெரிய சென்டிமீட்டர் என்பீர்கள். 1,000 வருஷத்தில் 10 மீட்டர்! வயல் மேடானால் வாய்க்காலை உயர்த்த வேண்டும், வாய்க்கால் உயர்ந்தால் மதகை, மதகு உயர்ந்தால் கரையை. கரை உயர உயர, வெள்ளத்தின் அழுத்தமும் ஏறும், பழுதுபார்க்க வேண்டிய ஆள்படையும் ஏறும்.

கி.பி. 548 வாக்கில் உடைப்பை அடைத்த, அன்று ஏமனை ஆண்ட ஆப்ரஹா, செலவுக் கணக்கைக் கல்லிலேயே வெட்டிவைத்தார்: மாவு மட்டும் 50,806 அளவை. 50,000 என்று முழுசாக்காமல் கடைசி ஆறு அளவைவரை எழுதிய அந்தக் கணக்குப்பிள்ளையை நம் ஒப்பந்ததாரர்களுக்கு யாராவது அறிமுகப்படுத்தினால் தேவலை. நடுவில் கொள்ளைநோய் வந்து, வேலையாட்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. சில பத்தாண்டுகளில் மறுபடி உடைந்தபோது கூப்பிட வலுவுள்ள அரசு இல்லை.

1986-இல், அன்றைய ஐக்கிய அரபு அமீரக அதிபர் ஷேக் ஸாயித் கொடுத்த பணத்தில், பழைய இடத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டர் மேலே புது அணை வந்தது. இது தண்ணீரைத் தேக்கும் அணை. ஆகவே வண்டலும் உள்ளேயே தங்கும். அதைத் தூர்வாருவது யார் பொறுப்பு என்று அடுத்த இதழுக்கு யாராவது கேள்வி அனுப்புங்கள்.