பிஸ்டல் ஸ்லைடு எப்போது திறக்கிறது? சில கேள்வி பதில்கள்

கேள்வி (கணபதி, லேத் பட்டறை): ஏனுங்கண்ணா, ஒரு ரவுண்டு சுட்டதும் பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு தானாகப் பின்னால் போகிறதே, எந்த விசையில்?

தம்பி, குண்டை முன்னால் தள்ளும் அதே வாயு காலிக் கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. அந்த உதைதான். பின்னால் போகும் ஸ்லைடு காலிக் கூட்டை வெளியே எறியும். ஸ்பிரிங் அதைத் திருப்பி அனுப்பும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறிவிடும். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்குவதற்கு முன் ஸ்லைடு திறந்துவிடக் கூடாது. எல்லா டிசைனும் இந்த ஒன்றுக்காகத்தான்.

கேள்வி (ஈரோடு, என்சிசி மாணவி): பேரலோடு (குழலோடு) ஸ்லைடைப் பிணைக்கும் பூட்டே இல்லாத பிஸ்டலும் உண்டாமே சார், ஆபத்தில்லையா?

இல்லைம்மா. அதற்கு ப்ளோபேக் என்று பேர். ஸ்லைடு குண்டைவிடப் பல மடங்கு கனம், அதனால் மெதுவாகத்தான் கிளம்பும். .22, .32 மாதிரி சின்னத் தோட்டாவுக்கு அதுவே போதும். வால்தர் பிபிகே இந்த ரகம். பேரல் அசையாமல் நிற்பதால் குறிக்கும் நல்லது.

கேள்வி (பொள்ளாச்சி): அப்புறம் 9 மி.மீ. தோட்டாவுக்கு ஏன் வேறு ஏற்பாடுங்க?

அழுத்தத்தைப் பாருங்க. அமெரிக்கத் தர அளவுப்படி .32க்கு உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 20,500 பவுண்டு, 9 மி.மீ. பாராபெல்லத்துக்கு 35,000. வெறும் எடையால் இதைத் தாங்க வேண்டுமென்றால் ஸ்லைடு இரும்புக் கட்டியாகிவிடும். அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் கண்ட வழி, பேரலையும் ஸ்லைடையும் பூட்டிச் சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் போகவிடுவது. குண்டு போன பிறகு பேரலின் பின்பகுதி கீழே சாயும், பூட்டு விடும், ஸ்லைடு மட்டும் மேற்கொண்டு போகும். அவருடைய 1911 மாடல் பிஸ்டலில் பேரலைச் சாய்ப்பது அதன் அடியில் உள்ள, சங்கிலிக் கண்ணி மாதிரி ஒரு சின்னக் கண்ணி. 1935இல் வந்த ஹை-பவர் பிஸ்டலில் கண்ணி கிடையாது. பேரலோடு ஒன்றாகக் கடைந்த கேம், அதாவது சாய்வான வழித்தடம்தான் அந்த வேலையைச் செய்யும். தேய்கிற பாகம் ஒன்று குறைந்தது பாருங்க, எனக்கு அதுதான் அழகு. மேற்கு வங்கத்து இஷாப்பூரில் தயாராகும் நம் 9 மி.மீ. 1ஏ பிஸ்டலும் ஹை-பவர் வழிதான். காலி பிஸ்டலின் ஸ்லைடை மெல்ல இழுத்தால் பேரலின் முனை லேசாக மேலே தூக்குவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி (திருப்பூர்): பெரெட்டா 92இல் பேரல் சாய்வதில்லையே?

ஆமாங்க. பேரல் நேராகவே பின்னால் போகும். அடியில் இருக்கும் பூட்டுக் கட்டை மட்டும் இறங்கும். வால்தர் பி38இல் வந்த முறை இது.

கேள்வி (கரூர்): வாயுவைக் கொண்டே ஸ்லைடைப் பிடித்து வைக்க முடியுமா?

ஹெக்லர் அண்ட் கோக் பி7 அப்படித்தான். பேரலில் ஒரு துளை வழியாக வரும் வாயு பிஸ்டனை அழுத்தி ஸ்லைடைத் தாமதப்படுத்தும். தொடர்ந்து சுட்டால் ட்ரிகருக்கு மேலே நன்றாகச் சூடாகும்.

கேள்வி (மறுபடி கணபதி): ஒரு மாதிரி கடைந்து பார்க்கலாமுங்களா?

வேண்டாம் தம்பி. உரிமம் இல்லாமல் செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். கேம் சாய்வைத் தடித்த அட்டையில் வெட்டி, ஒரு குண்டூசி குத்தி நகர்த்திப் பாருங்க. பேரல் எங்கே இறங்குகிறது என்று புரிந்துவிடும்.