மூன்று நண்பர்கள் கதை

கேள்வி: வஜீர் (தலைமை அமைச்சர்) நிஜாமுல் முல்க், கவிஞரும் வானியலாளருமான உமர் கய்யாம், அசாசின்கள் எனப்பட்ட ரகசியக் கொலைப்படையின் தலைவர் ஹசன் சப்பாஹ் மூவரும் ஈரானின் நிஷாப்பூரில் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களாமே? யார் உயர்ந்தாலும் மற்ற இருவரையும் கைதூக்கிவிட வேண்டும் என்று சத்தியமும் செய்துகொண்டார்களாம். இப்படி ஒரு நட்பு வேறு எங்காவது உண்டா?

பதில்: இங்கேயே இல்லை. நிஜாமுல் முல்க் பிறந்தது 1018, கய்யாம் 1048, ஹசன் சப்பாஹ் 1050 வாக்கில். கய்யாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதில் நிஜாமுல் முல்க் செல்ஜூக் என்ற துருக்கிய வம்சத்தின் அரசில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர், அவரா போய் சின்னப் பையன்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து பாடம் கேட்டிருப்பார்? ஹசன் வளர்ந்ததும் நிஷாப்பூரில் இல்லை, ரை என்ற வேறொரு ஈரானிய நகரத்தில்தான். பழைய பாரசீக நூல்களில் இருந்த கதையை ஆங்கிலக் கவிஞர் பிட்ஜெரால்ட் 1859-இல் தன் கய்யாம் மொழிபெயர்ப்பின் முன்னுரையில் எடுத்துப் போட்டார், அப்புறம் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் கவிமணியும் அந்த ஆங்கில வழியாகத்தான் கய்யாமைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

எனக்குக் கோபம் வருவது வேறு காரணத்துக்காக. இந்தக் கதையில் நிஜாமுல் முல்க் பழைய சிநேகிதன் கய்யாமுக்கு மானியம் கொடுத்த பணக்காரர் என்பதோடு சரி. அல்ப் அர்ஸ்லான், மாலிக் ஷா என்ற இரண்டு சுல்தான்களுக்கு, ஏறக்குறைய முப்பது வருஷம், ஒரு பேரரசையே நடத்திக்கொடுத்த மனிதர் அவர். பாக்தாதில் அவர் கட்டிய நிஜாமிய்யா என்ற மதரசா 1067-இல் திறந்தது, 1091-இல் இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலியை அங்கே ஆசிரியராக்கியதும் அவர்தான். கய்யாம் இஸ்பஹானில் நட்சத்திரங்களை அளந்ததும், 1079-இல் ஜலாலி என்ற சூரிய காலண்டர் நடைமுறைக்கு வந்ததும் அவர் வஜீராக இருந்த அரசில்தான். அந்தத் தொடர்பு நிஜம், பள்ளிக்கூடச் சத்தியம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

நிஜாமுல் முல்க் எழுதிய, அரசாட்சி பற்றிய நூலான சியாசத்நாமாவில் ஒரு ராஜா வருகிறார், காது மந்தம். குடிமக்கள் சொல்லும் குறையை இடையில் நிற்கிறவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, முறையிட வருகிறவர்கள் மட்டும் சிவப்பு உடுத்த வேண்டும், வேறு யாரும் உடுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டு, யானைமேல் ஏறி வெட்டவெளியில் நின்று, சிவப்புத் துணி தெரிந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாராம். வாரத்தில் இரண்டு நாள் அரசன் நேரில் உட்கார்ந்து குறை கேட்க வேண்டும், நடுவில் ஆள் கூடாது என்று சுல்தானுக்கே புத்தி சொல்கிற அத்தியாயம் அது. ஒரே ஆளுக்கு இரண்டு பதவி கொடுக்காதே என்றும் எழுதியிருக்கிறார், படிக்கும்போது எத்தனை அலுவலகங்கள் நினைவுக்கு வருகின்றன!

1092 அக்டோபரில், இஸ்பஹானிலிருந்து பாக்தாத் போகிற வழியில், நஹாவந்த் பக்கத்தில் சூஃபி வேடத்தில் வந்தவன் அவரைக் குத்திக் கொன்றான். ஹசன் சப்பாஹ் அனுப்பிய ஆள் என்பார்கள், மாலிக் ஷாவையே சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. அடுத்த மாதமே சுல்தானும் இறந்துபோக, வாரிசுகள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

சியாசத்நாமா ஆங்கிலத்தில் கிடைக்கிறது. சிவப்பு உடைக் கதை மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குங்கள்.